வயிற்று வலிக்கு ஆதாரம்

ஜூன் 3, 2019, திங்கள்

வக்கீல் அருணகிரி எழுதச் சொன்னார், எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் நோட்டுக்கும் என்ன சம்பந்தம்? இது என் டிரைவிங் ஸ்கூலில் வருகைப் பதிவுக்கு வாங்கி வைத்திருந்த நோட்டு. அட்டையில் ‘மகுடம் டிரைவிங் ஸ்கூல், வேலாங்குறிச்சி. உரிமையாளர்: பெ. மகுடபதி’ என்று அச்சடித்திருக்கிறது. பதினோரு வருடத் தொழில். என்னிடம் கற்றுக்கொண்டு போனவன் ஒருவன்கூட இன்றுவரை ஆளை இடித்ததில்லை.

ஜாமீன் நிபந்தனை இதுதான். மறு உத்தரவு வரும்வரை திண்டுக்கல்லில் தங்க வேண்டும். தினமும் காலை பத்தரைக்கு இங்கே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். சொந்த ஊருக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. சாட்சிகளோடு பேசக்கூடாது. யார் அந்தச் சாட்சிகள் என்றால் என் மாமனார், மாமியார், மச்சினன், என் சொந்த மகள் தன்ஷிகா. அவளுக்கு ஐந்து வயது. பெற்ற மகளிடம் பேசக்கூடாது என்று ஒரு சட்டம்.

என் மனைவி மேகலா ஏப்ரல் 3ஆம் தேதி தற்கொலை செய்துகொண்டாள். நான் தூண்டினேனாம். வழக்கு அவ்வளவுதான்.

வக்கீல் சொன்னது: “அந்தப் பொண்ணு எப்பெப்ப வயித்து வலின்னு சொல்லுச்சு, எந்த டாக்டர்கிட்டப் போனீங்க, எல்லாத்தையும் தேதி வாரியா எழுதி வைங்க. நம்ம கேஸே அந்த வயித்து வலி மேலதான் நிக்குது.”

நின்றால் நான் வீட்டுக்குப் போவேன், தன்ஷிகா என்னிடம் வருவாள். விழுந்தால் பத்து வருடம் வரை உள்ளே.

ஜூன் 4, செவ்வாய்

சட்டை இரண்டைத் துவைத்துப் போட்டேன். காலர் அழுக்குப் போகவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 6, வியாழன்

ஸ்டேஷனில் ரிஜிஸ்டரை நீட்டுவது ஜெசிந்தா என்று ஒரு ஏட்டம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக் கண்ணாடி. என் கையெழுத்தை முந்தின நாள் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நோட்டை மூடுவார். “எங்க ஊர்ல வண்டி ஓட்டாத பொம்பளையே கிடையாதுங்க மேடம், எல்லாரும் நம்ம ஸ்டூடண்ட்தான்” என்று சொல்லிப் பார்த்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

வயிற்று வலி கேஸுக்குள் எப்படி வந்தது என்பதை எழுத வேண்டும். நானாக இட்டுக்கட்டியது இல்லை. ஏப்ரல் 3 மதியம் எங்கள் ஊர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். புகார் எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார், மனைவி பெயர் கேட்டார், வயது கேட்டார். பிறகு அவராகவே, “வயித்து வலிதானே?” என்றார். நான் ஆமாம் என்றேன். ‘நீண்ட நாட்களாகத் தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த மேற்படி மேகலா, வாழ்க்கையில் வெறுப்புற்று’ என்று நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனார். கை அவ்வளவு பழக்கம். ஊரில் எந்த வீட்டுப் பெண் இப்படிச் செய்துகொண்டாலும் அந்த வாக்கியம்தானாம். யாருக்கும் தொந்தரவு இல்லாத வாக்கியம் என்றார்.

தொந்தரவு செய்தது என் மச்சினன் நவநீதன். ஆஸ்பத்திரி வாசலில் படுத்துவிட்டான். கேஸை மாற்றாமல் உடலை வாங்க மாட்டேன் என்று இரண்டு நாள் பிடிவாதம். என்னைப் பார்த்ததும் சட்டையைப் பிடிக்க வந்தான். ஒரே தள்ளு, போய்ச் சுவரில் விழுந்தான். அதையும் எவனோ செல்போனில் பிடித்துவிட்டான்.

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் செத்தால் ஆர்.டி.ஓ. (லைசென்ஸ் ஆபீஸ் இல்லை, கோட்டாட்சியர்) விசாரிக்க வேண்டும் என்று சட்டம். எங்களுக்கு 2013 ஆவணியில் கல்யாணம். “இன்னும் பதினேழு மாசம் போயிருந்தா இந்த விசாரணையே வந்திருக்காது” என்று வக்கீல் உச்சுக் கொட்டினார். பதினேழு மாதம் பொறுத்திருக்கலாம் அவள். எதிலுமே அவளுக்கு அவசரம்.

ஜூன் 9, ஞாயிறு

வயிற்று வலி, ஒன்று. 2014 ஐப்பசி. தேதி நினைவில்லை. தன்ஷிகா பிறந்து ஆறு மாதம். மேகலாவுக்கு நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். பால் சொசைட்டி திருப்பத்தில் கிளட்சை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தாள். சொல்லித் தரும் வண்டியில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மிதித்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரோட்டில் நாலு பேர் பார்த்துச் சிரித்தார்கள். வண்டியை ஓரம் கட்டி ஒரு தட்டு தட்டினேன். தலை ஸ்டீயரிங்கில் பட்டது. அதன் பிறகு அவள் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. இரண்டு நாள் வயிற்று வலி என்று படுத்திருந்தாள். பக்கத்து வீட்டு டீச்சர் கேட்டதற்கும் வயிற்று வலி என்றுதான் சொன்னாளாம். அந்த டீச்சரைச் சாட்சியாகப் போடலாம்.

வயிற்று வலி, இரண்டு. 2016 தீபாவளிக்கு மறுநாள். அவள் தம்பிக்குச் சட்டை எடுத்ததில் ஒரு பேச்சு வந்தது. என்னிடம் கேட்காமல் எடுத்தாள். கேட்டிருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். கை நீண்டுவிட்டது. பெல்ட் அவன் சட்டையோடு சேர்த்து வாங்கியது, அதுவே கைக்குக் கிடைத்தது. மாமியார் போன் செய்தபோது மேகலா, “வயித்து வலிம்மா, எந்திரிக்க முடியல” என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், காதால் கேட்டேன்.

எழுத எழுதத் தெரிகிறது, அவளுக்கு வயிற்று வலி நிறைய.

ஜூன் 12, புதன்

ரிஜிஸ்டரில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போடுகிறவன் ஆடு திருடியவன். அவனும் நானும் ஒரே பெஞ்ச். தலையெழுத்து.

வயிற்று வலி, மூன்று. இது முக்கியம். 2018 செப்டம்பர். அப்போதே ஒரு தடவை அவள் அந்த முட்டாள்தனத்தைச் செய்யப் பார்த்தாள். காப்பாற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தது யார்? நான்தான். காரை எப்படி ஓட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். மறுநாள் வாக்குமூலம் வாங்கப் போலீஸ்காரர் வார்டுக்கு வந்துகொண்டிருந்தார். அவர் படியேறுவதற்குள் மேகலாவின் காதில் சொன்னேன்: “செத்திருந்தா உனக்குக் கேஸ் இல்ல. பொழைச்சிட்ட. சாகப் பாத்தவங்களப் பிடிச்சு உள்ள போடறதுக்குச் சட்டம் இருக்குது. நீ உள்ள போ, பிள்ளைய நான் வேற ஒருத்தியக் கட்டி வளத்துக்கிறேன்.” சட்டத்தைச் சொன்னேன், வேறு எதுவும் சொல்லவில்லை.

வயிற்று வலிக்கு மருந்து குடித்தபோது பாட்டில் மாறிவிட்டது என்று அவள் போலீஸ்காரரிடம் சொன்னாள். அவரும் எழுதிக்கொண்டு போனார். அந்தக் காகிதம் எங்கேயாவது இருக்கும்.

வக்கீலிடம் இதைச் சொன்னபோது நெற்றியைத் தேய்த்தார். அந்தச் சட்டத்துக்கு இப்போதெல்லாம் பல்லே இல்லையாம். உயிரை விடப் பார்த்தவர்கள் மன உளைச்சலில் இருந்தார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது, அரசாங்கமே கவனித்து மருத்துவம் பார்க்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்துவிட்டதாம். எனக்கு எப்படித் தெரியும்? மேகலாவுக்கும் தெரியவில்லை. பி.காம். படித்தவள்.

ஜூன் 15, சனி

இன்று தன்ஷிகாவிடம் பேசினேன். லாட்ஜ் மேனேஜர் போனை வாங்கி மாமியார் நம்பருக்கு அடித்தேன். என் அதிர்ஷ்டம், குழந்தையே எடுத்தாள்.

சாப்பிட்டாயா, பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்களா என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ம் ம் என்றாள். பிறகு, “கண்ணு, அம்மாவுக்கு என்ன பண்ணுச்சு? வயித்து வலிதானே?” என்று கேட்டேன்.

“ஆமாப்பா. யாரு கேட்டாலும் வயித்து வலின்னுதான் சொல்லோணும்னு அம்மா சொல்லிருக்குது.”

“யாரு கேட்டாலும்?”

“டீச்சர் ஆன்ட்டி கேட்டா, அம்மாச்சி கேட்டா, மாமா கேட்டா. எனக்கு வாய்ல ரத்தம் வந்தப்பக்கூட வயித்து வலின்னு சொல்லச் சொல்லுச்சு.”

அதற்குள் நவநீதன் குரல் கேட்டது. போனைப் பிடுங்கிவிட்டான்.

ஆக, பிள்ளையே சொல்கிறது, அம்மாவுக்கு வயிற்று வலி என்று. அம்மா வாயாலேயே கேட்டிருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வாயில் ரத்தம் வந்தது ஊஞ்சலில் பல் இடித்ததால். ஊஞ்சலை நிறுத்துவதற்காகத்தான் பிடித்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

பக்கத்து அறையில் சேலத்துக்காரன், வெள்ளிக் கொலுசு வியாபாரி. வராந்தாவில் நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போட்டு மனைவியோடு கொஞ்சுகிறான். சாப்பிட்டியா தங்கம், தூங்கினியா தங்கம். இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சிரித்தான். போனைப் பிடுங்கித் தரையில் அடித்தேன், பிறகு அவனை அடித்தேன். முன்பல் ஒன்று ஆடுகிறது என்றான். எனக்கு வலது கை முட்டி கிழிந்து வீங்கிவிட்டது. அவன் பல்தான் கிழித்தது, அதைக் கேட்க ஆள் இல்லை. வெளியூர்க்காரன், போலீசுக்குப் போகாமல் அறையைக் காலி செய்துவிட்டுப் போனான்.

ஜூன் 19, புதன்

கையெழுத்து கோணிவிட்டது. ஏட்டம்மா ஜெசிந்தா ரிஜிஸ்டரையும் பார்த்தார், என் கையையும் பார்த்தார்.

“என்னாச்சு சார் கைக்கு?”

“பாத்ரூம்ல வழுக்கிருச்சுங்க.”

“முட்டியாலயா விழுந்தீங்க?”

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஓரத்தில் ஏதோ இரண்டு வரி எழுதிக்கொண்டார். இந்தப் பொம்பளைகளுக்கு யூனிபார்ம் கொடுத்ததுதான் தப்பு.

ஜூன் 22, சனி

நான் போன் செய்ததை மச்சினன் புகாராகக் கொடுத்துவிட்டான். வக்கீல் என்னைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினார். “சாட்சிகிட்டப் பேசாதேன்னு கோர்ட்டு சொல்லுது. நீங்க நேரா சாட்சிக்கே போன் போட்டு, என்ன சொல்லணும்னு பாடம் நடத்தறீங்க. நான் சொல்லாம ஒரு துரும்பையும் அசைக்கக் கூடாது. கையையும் வாயையும் மூடிட்டு இருங்க, புரியுதா?” என் வயதுதான் இருக்கும் அவருக்கும். கறுப்புக் கோட்டுப் போட்டால் எவனையும் எப்படியும் பேசலாமா? ஊரில் இருந்திருந்தால் நடந்திருப்பதே வேறு.

வாய்ப்பேச்சு போதாது, வயிற்று வலிக்குக் காகித ஆதாரம் வேண்டும் என்றார். அது இல்லாமல் நீதிபதி முன்னால் நிற்கவே முடியாதாம்.

இருக்கிறது. எனக்கு இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. ஸ்கேன் பைல்.

ஜூன் 23, ஞாயிறு

வயிற்று வலி, நான்கு. இந்த வருடம் ஜனவரி 20. இதை விளக்கமாக எழுத வேண்டும்.

ஒரு மாணவனின் அப்பா ஆபீஸுக்கு வந்திருந்தார். இன்ஷூரன்ஸ் காகிதம் ஒன்றைக் கொடுத்து, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். ஆங்கிலம். நான் பிளஸ் டூ வரை போனவன் என்றுதான் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆபீஸில் வருகிற ஆங்கிலக் காகிதம் முழுவதும் மேகலா பார்ப்பாள். ஆள் இல்லாதபோது மெதுவாகத் தமிழில் சொல்லுவாள், நான் மனதில் வாங்கிக்கொள்வேன். அது எங்களுக்குள் ஏற்பாடு. அன்று நானே பார்த்துக்கொள்கிறேன் என்று காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, செல்லும் என்றேன். மேகலா எட்டிப் பார்த்தாள். “இல்லீங்க, இது போன மாசமே முடிஞ்சிருச்சு” என்றாள். அந்த ஆள் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். உதட்டில் சிரிப்பு இருந்தது. இல்லை என்று அவள் பின்னால் சத்தியம் செய்தாள். இருந்தது.

அவர் போனதும் ஷட்டரை இறக்கினேன். மேஜையில் இருந்த காகிதங்கள் எல்லாம் கீழே பறந்தன. அவள் தரையில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் இருந்தேன். காலை நீட்டினேன். பதினோரு வருடமாகப் பக்கத்து சீட்டில் பிரேக் மிதித்த கால். மூளை சொல்வதற்கு முன்னால் கால் போய்விடும். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் முகம் வெளுத்துவிட்டது. விட்டேனா நான்? பக்கத்து டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் நானேதான் கூட்டிப்போனேன். படியில் விழுந்துவிட்டாள், வயிற்று வலி என்று சொன்னேன். ஸ்கேனுக்கு வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், போய்ப் பாட்டில் வாங்கிவாருங்கள் என்று அந்த டாக்டர் என்னை அனுப்பினாள். ஆஸ்பத்திரியிலேயே தண்ணீர் இருந்தது. பாட்டில்தான் வேண்டும் என்றாள். தெருமுனைவரை நடந்து வாங்கிவந்தேன். திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ பேச்சு. தட்டினேன், நின்றுவிட்டது.

ஒரு பைல் கொடுத்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதற்கு மேகலா, “ஒன்னுமில்லீங்க, வயித்து வலின்னுதான் போட்டிருக்குது” என்றாள். வீட்டில் புடவைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 25, செவ்வாய்

என் அக்கா பழனாத்தாளிடம் போனில் சொல்லியிருந்தேன். பைலோடும் எள்ளுருண்டையோடும் இன்று பஸ்ஸில் வந்தாள். பீரோவில் புடவைக்கு அடியில், தன்ஷிகாவின் பிறப்புச் சான்றிதழோடு ஒரே உறையில் இருந்ததாம்.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான். ஆனாலும் பைலைக் கொடுத்துவிட்டு, “தம்பி, இதை அந்தப் புள்ள இவ்வளவு பத்தரமா எதுக்குடா வச்சிருந்துச்சு?” என்றாள். வியாதிக்காரி, சீட்டைப் பத்திரமாக வைக்காமல் எறிவாளா என்றேன். அக்கா போகும்போது தன்ஷிகாவை நினைத்து அழுதாள்.

ஜூன் 26, புதன்

பைலை மேஜையில் பரப்பிப் பார்த்தேன். ஒரு கறுப்புப் படம், இரண்டு பக்கம் டைப் அடித்தது, ஒரு பக்கம் டாக்டரின் கோழிக் கிறுக்கல். ‘பெயின்’ என்ற சொல்லை எனக்குத் தெரியும். தைலம் டப்பாவில் பார்த்திருக்கிறேன். கிறுக்கல் பக்கத்தில் தேடினேன், அடிவரியில் இருக்கிறது. சந்தேகத்துக்கு, படத்தின் உறையைமட்டும் மருந்துக் கடையில் காட்டி என்ன ஸ்கேன் என்று கேட்டேன். வயிறு ஸ்கேன் என்றான்.

வயிறு. வலி. வேறு என்ன ஆதாரம் வேண்டும் இந்த வக்கீலுக்கு?

அவரிடம் கொடுத்தால் ஒரு மாதம் பீரோவில் பூட்டி வைப்பார், அப்புறம் தானே கண்டுபிடித்ததுபோலக் கோட்டை இழுத்துவிட்டுக்கொள்வார். துரும்பை அசைக்கக்கூடாதாம். மலையையே அசைத்துக் காட்டுகிறேன்.

ஜூன் 27, வியாழன்

கொடுத்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டதும் பைலை ஏட்டம்மா முன்னால் வைத்தேன். என் மனைவியின் வயிற்று வலிக்கு ஆதாரம், எங்கள் ஊரில் விசாரிக்கிற டி.எஸ்.பி.க்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் அனுப்புங்கள் என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கம். கிறுக்கல் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார்.

“இத நீங்க படிச்சீங்களா சார்?”

“படிச்சேன்.”

“முழுசா?”

“என்னங்க மேடம், எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறீங்களா?”

அவர் பைலை மூடி என் பக்கமே தள்ளினார். “எதுக்கும் உங்க வக்கீல்கிட்டக் காட்டிட்டு, அவர் மூலமா குடுங்க சார்” என்றார். தன்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறிவிட்டது. இந்தப் பொம்பளையும் அந்த வக்கீலோடு சேர்ந்துகொண்டு நான் ஒன்றும் தெரியாதவன் என்கிறாளா? நான் கொடுத்தால் செல்லாதா, வாங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள், எஸ்.பி. ஆபீஸுக்குப் போகிறேன் என்று சத்தம் போட்டேன். உள்ளே இருந்து இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

“சரி சார். அப்ப நீங்களே விரும்பிக் குடுத்ததா ஒரு மனு எழுதிக் குடுங்க.”

எழுதினேன், என் கையாலேயே. ‘இத்துடன் இணைத்துள்ள மருத்துவ ஆவணங்கள் அனைத்தும் உண்மையானவை. இவற்றை நான் முழுமையாகப் படித்துப் பார்த்து, யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சுயநினைவோடு ஒப்படைக்கிறேன்.’ ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். என் கை சரியாகிவிட்டது, கையெழுத்து நன்றாக விழுந்தது.

ஜூலை 1, திங்கள்

மனசு லேசாக இருக்கிறது. முடி வெட்டிக்கொண்டேன். தன்ஷிகாவுக்குப் பாவாடை சட்டை ஒன்று பார்த்து வைத்தேன், அளவு தெரியவில்லை. மேகலாவுக்குத்தான் தெரியும்.

ஜூலை 5, வெள்ளி

வக்கீல் நேற்றிலிருந்து பதினான்கு தடவை கூப்பிட்டுவிட்டார். எடுக்கவில்லை. அவரும் கொஞ்சம் தவிக்கட்டும்.

ஜூலை 8, திங்கள்

கோர்ட்டிலிருந்து எனக்கு ஒரு காகிதம். ஆங்கிலம். முத்திரை எல்லாம் குத்தியிருக்கிறது. ‘பெயில்’ என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. நிபந்தனையைத் தளர்த்துகிறார்கள் போல. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அக்காவுக்குப் போன் செய்து, வீட்டைப் பெருக்கி வைக்கச் சொன்னேன்.

ஜூலை 18, வியாழன்

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் ஊரிலிருந்து ஜீப் வந்துகொண்டிருக்கிறது. ஜாமீன் ரத்து. பத்தரைக்கு ரிஜிஸ்டரைத் தேடினேன், ஏட்டம்மா அதைத் தரவில்லை. “உக்காருங்க சார்” என்றார். இரண்டு போலீஸ்காரர்கள் கதவுப் பக்கம் வந்து நின்றார்கள். ஒருவனைத் தள்ளிப் பார்த்தேன். இப்போது இடது கையில் விலங்கு, பெஞ்சுக் காலோடு. வலது கை எழுதுகிறது.

எதற்கு ரத்து என்று கத்தினேன். சாட்சியான குழந்தைக்குப் போன் செய்தது ஒன்று. இன்னொன்று நானே கொடுத்த காகிதம் என்றார் ஜெசிந்தா. கோர்ட்டு நோட்டீஸ் வந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டார்.

பிறகு கேட்டேன். இத்தனை வருடத்தில் மேகலாவைத் தவிர வேறு யாரிடமும் கேட்காததை, இந்தப் பொம்பளையிடம் கேட்டேன்.

“அதுல என்ன போட்டிருக்குதுங்க?”

அவர் உடனே புரிந்துகொண்டார். கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நகலை எடுத்துவந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மேகலா சொல்வதுபோலவே மெதுவாகத் தமிழில் சொன்னார். மண்ணீரலில் காயம், உள்ளே ரத்தக் கசிவு. இடது பக்க விலா எலும்பு இரண்டில் ஏற்கெனவே முறிந்து கூடிய அடையாளம். படியில் விழுந்தால் வருகிற காயம் இல்லை. பிறகு அந்தக் கிறுக்கல் பக்கம்.

“கணவர் வெளியே சென்றிருந்தபோது தனியாக விசாரித்ததில், கணவர் காலால் பலமுறை உதைத்ததாக நோயாளி கூறுகிறார். கல்யாணமானதிலிருந்து அடி. ஒருமுறை உயிரை விட முயன்றிருக்கிறார். போலீசுக்குத் தெரிவிக்கட்டுமா என்று கேட்டதற்கு, பிழைத்தவர்களைச் சிறையில் போடுவார்கள், குழந்தை அவரிடம் போய்விடும் என்று அழுகிறார். அப்படி இல்லை என்று எடுத்துச் சொன்னேன். நம்பவில்லை. கணவர் திரும்பி வருவதற்குள் வயிற்று வலி என்று மட்டும் எழுதித் தரும்படி கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார்.”

அடிவரியில் நான் பார்த்த ‘பெயின்’ அதுதான்.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார். “அவங்களுக்கு இது தெரியும் சார். தெரிஞ்சுதான் பிள்ளையோட சர்டிபிகேட்டோட வச்சிருக்காங்க” என்றார். பிள்ளைச் சான்றிதழோடு இருந்தது இவருக்கு எப்படித் தெரியும்? அக்கா. அக்காவும் வாக்குமூலம் கொடுத்துவிட்டாள்.

எனக்குப் படித்துக் காட்ட வேண்டியவள் அவள். ஆறு வருடம் ஒரு காகிதம் விடாமல் படித்துக் காட்டியவள், இந்த ஒரு காகிதத்தை மட்டும் மாற்றிப் படித்தாள். என்னை ஏமாற்றியது அவள்தான். இதை எந்தக் கோர்ட்டு கேட்கும்?

ஜீப் வந்துவிட்டது. இந்த நோட்டையும் கொடுக்கச் சொல்கிறார் ஜெசிந்தா, வக்கீல் எழுதச் சொன்னதென்றால் அவர் வந்து கோர்ட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்கிறார். முடித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். ஒளிக்க என்ன இருக்கிறது? வயிற்று வலியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். அன்று வெயிலில் தெருமுனைவரை நடந்து போய் அந்தத் தண்ணீர் பாட்டிலை வாங்கிவந்தேன். அவள் கையில் தெம்பில்லை, நானே மூடியைத் திறந்து கொடுத்தேன். அந்த டாக்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இவ்வளவு எழுதியவள், அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.